மூன்றாவது நாற்காலி

கிளீவ்லாந்து, ஒஹாயோ
11 ஜனவரி 1959

அம்மா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளித் தொப்பி வந்து சேர்ந்தது. டெல்ஃபினுக்குப் பெரியதாக இருக்கிறது, அடுத்த குளிருக்கு ஆகும். பேத்திக்கு இரண்டு வயது முடிந்தது உனக்கு நினைவிருந்ததே பெரிது என்று எழுதக் கை வருகிறது. எழுதமாட்டேன்.

வாரம் முழுவதும் அவளுக்குக் குத்திருமல். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் குழந்தை வளர்ப்புப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். அந்தப் புத்தகத்தில் இருமலுக்கு ஒரு பக்கம் உண்டு. பயத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மூன்றாவது வாரத்தில் எனக்கு அடுத்த பிரசவம். டெல்ஃபின் பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போனது உனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும், பெர்னிஸ் பெரியம்மா எழுதினாரே. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். இப்போது அவரும் இல்லை. அவரைப் புதைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் இடத்துக்கு ஆள் தேடுகிறேன்.

வெண்டலுக்குத் தபால் நிலையத்தில் இரவு வேலை. "நான் லீவு போடுறேன் மார்வா, நீ எதுக்கு இப்படி உசிரை விடுறே?" என்கிறார். போடமுடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால் கேட்கிறேன். மார்ச் பதினைந்து வாக்கில் வந்து, குழந்தை பிறந்து நான் எழுந்து நடமாடும் வரை இருக்க முடியுமா? சோபாவில் படுக்கலாம், நல்ல சோபா. முன்பு நான் உன்னிடம் எதையும் இப்படி உட்கார்ந்து எழுதிக் கேட்டதில்லை.

மார்வா


கான்சாஸ் சிட்டி, மிசூரி
20 ஜனவரி 1959

மார்வா,

இருமலுக்கு ஆவி சரிதான். நெஞ்சில் கொஞ்சம் வாத்துக் கொழுப்பைத் தடவி மேலே ஃபிளானல் துணியைக் கட்டு. புத்தகத்தில் இருக்காது.

வருகிறேன். ஆனால் பதினைந்தாம் தேதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

ருஃபஸ் டாக்கெட் போய் இந்த மார்ச்சோடு ஐந்து வருடம். அவன் நடத்திய பழைய ஜாஸ் பேண்டில் மிச்சமிருக்கும் கிழங்கள் எல்லாம் சேர்ந்து, இசைக்கலைஞர் சங்கக் கட்டிடத்தில் இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை அவன் நினைவாக ஒரு கச்சேரி வைக்கிறார்கள். முதல் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பானே யூஸ்டஸ் போக்ஸ், இப்போது முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன், அவன்தான் ஏற்பாடு. போன மாதம் சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் ஆர்கனை மூடிவிட்டு வெளியே வந்தால், "ஸெனோ, போஸ்டர்ல உன் பேரு வருது" என்றான். "எந்தப் பேரு?" "உனக்கு எத்தனை பேரு இருக்கு? உன் பேருதான்."

இருபது வருடம் அந்த பேண்டுக்கு நான் எழுதினேன். பாதி ட்யூன்கள் என்னுடையவை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வரி பிரித்து எழுதிய அரேஞ்ச்மென்ட் எல்லாமே என்னுடையவை. இசைத்தட்டுகளைத் திருப்பிப் பார், டாக்கெட், டாக்கெட், டாக்கெட். அவனுக்கு நோட்ஸ் படிக்கவே வராது. நல்லவன்தான், சிரித்தான், பேண்டுக்கு முன்னால் நின்று குச்சியை ஆட்டினான், கூட்டம் வந்தது. இப்போது அவன் செத்த பிறகு என் பெயர் வருகிறது.

போஸ்டர் அச்சாகி வந்தது. ஸெனோபியா க்ரூ என்று இல்லை. "இசையும் அரேஞ்ச்மென்ட்டும்: திரு. ஸெட். க்ரூ."

"யாருடா யூஸ்டஸ் இந்த ஆளு? எனக்கு வீட்டுக்காரனா?"

"அச்சாபீஸ்காரன் பண்ணின கூத்து ஸெனோ. பாட்டு எழுதுறவன்னா ஆம்பளைன்னு நினைச்சுட்டான்."

போகட்டும். எல்லா நோட்ஸும் ஐம்பத்தொன்றாம் வருட வெள்ளத்தில் டாக்கெட் வீட்டு நிலவறையோடு போய்விட்டன. எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும். விரல்கள் காலையில் மடங்குவதில்லை. மத்தியானம் வரை வெந்நீரில் வைத்துப் பிறகு எழுதுகிறேன். கச்சேரி சனிக்கிழமை. ஞாயிறு பஸ் ஏறினால் திங்கள் உன் வீட்டில் இருப்பேன். குழந்தைகள் எப்போதும் தாமதமாகத்தான் வரும். நீயும் அப்படித்தான் வந்தாய்.

ஸெனோபியா


கிளீவ்லாந்து
26 ஜனவரி 1959

அன்புள்ள தாயாருக்கு,

கச்சேரி முடிந்து வருகிறேன் என்கிறாய்.

எனக்கு ஆறு வயது ஆனபோதும் இதையேதான் சொன்னாய். டொபீகாவில் பெரியம்மா வீட்டு ஜன்னலில் தலை சீவி, ரிப்பன் கட்டி உட்கார்ந்திருப்பேன். ஓமஹாவில் கச்சேரி முடிந்து வருகிறாள், டல்சாவில் முடிந்து வருகிறாள். பெரியம்மா என்னைத் திட்டக்கூட மாட்டார். "உங்கம்மா வேலைக்குப் போயிருக்காடி கண்ணு, விளையாடவா போயிருக்கா?" என்று உன் பக்கம்தான் பேசுவார். பள்ளிக்கூட நாடகம், என் பட்டமளிப்பு, என் கல்யாணம் (அதற்கு வந்தாய், கேக் வெட்டிய பிறகு). அப்பா கலிஃபோர்னியாவுக்குப் போனார், திரும்பவில்லை. அதில் ஒரு நேர்மை இருந்தது. அவருக்காக யாரும் ரிப்பன் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

நான் பியானோ கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? சோம்பல் என்று நினைத்திருப்பாய். அந்தக் கறுப்புப் புள்ளிகள் என்னிடமிருந்து உன்னை வாங்கிக்கொண்டு போயின. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

போஸ்டரில் பெயர் வருவது பெரிய விஷயம்தான். திரு. க்ரூவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

திங்கட்கிழமை வந்தால் நான் இருப்பேன் என்று நம்புகிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

மார்வா ஹென்லி


கான்சாஸ் சிட்டி
15 பிப்ரவரி 1959

மார்வா,

பதில் வேண்டாம் என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டிருந்தாய். இது பதில் இல்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். சொல்ல வேறு ஆள் இல்லை. யூஸ்டஸிடம் சொன்னால் பயந்துபோவான்.

பதினோரு பாட்டுகளை எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டாவது "இரண்டாம் அலசல்". அதுதான் ஊரெல்லாம் தெரிந்த பாட்டு, அதைக் கேட்கத்தான் ஆட்கள் வருவார்கள். டிரம்பெட்டுகளை எழுதிவிட்டேன், டிராம்போன், பியானோ, நான்கு சாக்ஸபோன்களில் மூன்று. சாக்ஸபோன் வரிசையில் மூன்றாவது நாற்காலிக்கான வரி மட்டும் வரவில்லை. தாள் வெறுமையாக மேசையில் கிடக்கிறது.

மூன்றாவது நாற்காலிக்காரன் லெம் ப்ரூயிட். கூட்டத்துக்கு அவன் முகம்கூடத் தெரியாது. தனியாக எழுந்து நின்று ஒருநாளும் வாசித்ததில்லை. மெலடி மேலே போகும், பாரிடோன் கீழே போகும், நடுவில் எங்கேயோ லெம். முதலில் நான் எழுதிக் கொடுத்தது ஒன்று. அவன் ஊர் ஊராக வாசித்து வாசித்து, இங்கே ஒரு சுரம், அங்கே ஒரு சுரம் மாற்றிவிட்டான். கேட்டால், "உள்ளே கொஞ்சம் இடிச்சுது ஸெனோ, நகர்ந்து உக்காந்தேன்" என்பான். அவன் வாசித்ததுதான் சரி, அதனால் அப்படியே விட்டேன். திருத்தி எழுதிவைக்கவில்லை. லெம் இருக்கும்போது லெம்மை எதற்கு எழுதிவைக்க வேண்டும்? அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

இசைத்தட்டைப் போட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக். லெம் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக ஒரு வரி எழுதி நடுவில் வைத்துவிடலாம். பாடம் படித்த எவனும் தப்பு சொல்லமுடியாது. வைத்தும் பார்த்தேன். பொய்ப்பல் கட்டியது மாதிரி இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், முப்பத்தெட்டாம் வருடக் கோடையில் பெர்னிஸுக்கு ஆபரேஷன் ஆனபோது உன்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரிந்தேனே, மேடையில் உன்னை வைக்க இடம் இல்லை. லெம்தான் தன் காலடியில் சாக்ஸபோன் பெட்டியைப் போட்டு உன்னை அதில் உட்காரவைப்பான். "அவ இங்க இருக்கட்டும் ஸெனோ. என்னைத்தான் யாரும் பாக்குறதில்லையே, அவளையும் பாக்கமாட்டாங்க." பாதியில் அவன் முழங்காலில் சாய்ந்து தூங்கிவிடுவாய். உனக்கு நினைவிருக்காது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது மார்வா. யூஸ்டஸிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். வேறு பாட்டுகளை வாசிக்கட்டும்.

ஸெனோபியா


கிளீவ்லாந்து
21 பிப்ரவரி 1959

அம்மா,

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டுத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் அந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கல்லூரியில் அறைத்தோழிகள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவும்போது பாடினேன். வெண்டல், "பாட்டு கெழக்கே போகுது, நீ மேற்கே போறியே!" என்றார். எனக்குக் காது சரியில்லை, அப்பாவிடமிருந்து வந்தது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் பாட்டையே சரியாகப் பாடத் தெரியாத மகள் என்பதில் ஒரு திருப்திகூட இருந்தது, சொன்னால் உனக்குப் பிடிக்காது.

ஆனால் டெல்ஃபின் அதற்குத்தான் தூங்குவாள். அவளும் இப்போது அப்படியே பாடுகிறாள். மாடியில் இருக்கும் திருமதி காட்ஸ்டன் சர்ச்சில் பியானோ வாசிப்பவர். போன மாதம் கேட்டுவிட்டு, "ஏன்டி மார்வா, இந்தக் குழந்தை பாட்டுக்குப் பக்கத்து வீட்டுல உக்காந்து பாடுதே!" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கொஞ்சம் அழுதேன். கர்ப்பமாக இருந்தால் எதற்கும் அழுகை வருகிறது.

உன் கடிதம் வந்த அன்று அதை மூன்று முறை படித்தேன். பிறகு இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். இந்த வீட்டில் அதை ஒருநாளும் போட்டதில்லை. தட்டோடு சேர்ந்து பாடினேன், என் மாதிரியே, தப்பாக. அம்மா, அது இடிக்கவில்லை. டிரம்பெட்டுகள் ஒரு வழியில் போகின்றன, நான் வேறு வழியில் போகிறேன், ஆனால் கையைக் கோத்துக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது. நடு இடத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள், நான் மட்டும் இறங்குவதில்லை. அங்கே நான் நின்றால்தான் அவர்கள் இறங்குவதே தெரிகிறது. திரும்பத் திரும்பப் போட்டேன். டெல்ஃபின் வந்து சேர்ந்துகொண்டாள். கீழ்வீட்டுக்காரர் தரையைத் தட்டிவிட்டார், அதாவது அவருக்குக் கூரையை.

எனக்கு நோட்ஸ் எழுதத் தெரியாது, ஏன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சேர்ந்திசையில் கற்றுக்கொண்ட டோ ரே மி என்ற சுரப் பெயர்கள்தான் தெரியும். திருமதி காட்ஸ்டனை உட்காரவைத்து, பியானோவில் ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லிச் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். எல்லோரும் இறங்குகிற அந்த இடம் இது: டோ டோ ரே மி ரே, டோ டோ ரே ஃபா, பிறகு எங்கேயும் போகாமல் நிற்கிற ஒரு நீள மி. மீதி தனித்தாளில் இருக்கிறது. மூச்சு விடும் இடங்களில் சின்னக் கோடு போட்டிருக்கிறேன். அங்கேதான் விடுவேன், ஏன் என்று தெரியாது.

இது லெம்முடையதா, இல்லை உண்மையிலேயே என் காது சரியில்லையா, இரண்டில் ஒன்றைச் சொல்.

அவர் காலணி எனக்கு நினைவிருக்கிறது. பழுப்பு நிறம், நுனியில் ஓட்டை. ஓட்டை தெரியாமல் இருக்க, காலுறையில் அந்த இடத்தில் மை பூசியிருப்பார்.

மார்வா


கான்சாஸ் சிட்டி
27 பிப்ரவரி 1959

மார்வா,

லெம்தான்.

நீள மி-யைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கே நான் எழுதியிருந்தது ரே. எல்லோரையும் போல அவனும் இறங்க வேண்டும். அவன் இறங்காமல் நின்றான். அதைத்தான் நான் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன், மறந்தது எது என்றுகூடத் தெரியாமல்.

மூச்சுக்கு நீ போட்ட கோடுகள் அவனுடையவை. அவனுக்கு இழுப்பு உண்டு, சுரத்தின் நடுவில் விடுவான். ஆறு வயதில் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை. விரல் மட்டும் காரணம் இல்லை.

ஸெனோபியா


கிளீவ்லாந்து
6 மார்ச் 1959

அம்மா,

உன் கடிதம் சின்னது, ஆனால் ஏப்ரனில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன், வெண்டல் சொல்லி இல்லை. நீ இருந்து கச்சேரியை முடி. வெண்டலின் அக்கா ஐனா அந்த வாரம் வந்து தங்குகிறாராம். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. வந்தால் என் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் உட்காருவார். இருந்தாலும் ஆள் இருக்கும். டாக்டர் இம்முறை இரத்தம் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். சொன்னவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அத்தனை வருடம் உழைத்தாய். மேடையில் நின்று, அந்தத் திரு. க்ரூ யார் என்று அவர்களுக்குக் காட்டு. நீ நிற்பதை நினைத்துக்கொண்டு நான் படுத்திருப்பேன். திங்கட்கிழமை வா.

மார்வா


இண்டியானாபோலிஸ், பஸ் நிலையம்
19 மார்ச் 1959, வியாழன்

மார்வா,

இங்கே பஸ் மாற வேண்டும். காப்பி ஆறிப்போயிருக்கிறது, கால் வீங்கிப்போயிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் முட்டை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான்.

நீ இருக்கச் சொன்னாய். நான் இருக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ரிகர்சல். எல்லோருக்கும் நரை, இரண்டு பேருக்குக் கண்ணாடி போட்டும் தாள் தெரியவில்லை. மூன்றாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் யூஸ்டஸ், "முதல் நாற்காலில வேற எவனையாவது உக்காரவை, நான் அங்க போறேன்" என்று லெம்முடைய இடத்துக்கு நகர்ந்துவிட்டான். "இரண்டாம் அலசல்" ஆரம்பித்தது. நடுவில், எல்லோரும் இறங்குகிற இடத்தில், யூஸ்டஸ் அந்த மி-யில் நின்றான். அந்தக் கூடத்தில் சுவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது மாதிரி இருந்தது.

முடிந்தது. யூஸ்டஸ் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டுச் சொன்னான்: "ஸெனோ, லெம்முக்குப் பக்கத்துல அத்தனை வருஷம் தோளை ஒட்டி உக்காந்திருந்தேன். அந்தாளு இதையா வாசிச்சிட்டிருந்தான்? ஒருநாளும் கேக்கலையே நான்."

"நீ உன்னையே கேட்டுட்டிருந்தேடா" என்றேன்.

"அப்ப இது எங்கேருந்து கெடைச்சுது?"

"கிளீவ்லாந்துல ஒருத்தி வச்சிருந்தா."

அப்புறம் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். நான் கை ஆட்டவில்லை, உட்கார்ந்து கேட்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான் மார்வா. சனிக்கிழமை கூட்டம் வந்து டிரம்பெட்டைக் கேட்கும், கை தட்டும். கூட்டம் லெம்மைக் கேட்டதில்லை, இப்போதும் கேட்காது. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நீயும் நானும் இரண்டு பேர், டெல்ஃபினை விட்டுவிட்டீர்களே என்று வெண்டல் சண்டைக்கு வந்தால், சரி, மூன்று பேர்.

யூஸ்டஸிடம் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னேன். கத்தினான். "போஸ்டர்ல பேரு இருக்கு ஸெனோ! ஜனங்க கேப்பாங்க!" "திரு. க்ரூ வரட்டும், அவருதானே போஸ்டர்ல இருக்காரு" என்றேன். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. வரும்போது அவன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். 'திரு.'வை அடித்து, பேனாவால் 'மிஸ்' என்று எழுதியிருக்கிறான். அந்த ஒன்றில் மட்டும். எனக்கு அது போதும்.

உன் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பேசினார் என்றாய். நான் அவர் எதிரில் நிற்கிறேன், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஐனாவிடம் அலமாரியைத் தொட வேண்டாம் என்று சொல். இல்லை, நானே சொல்கிறேன்.

டெல்ஃபின் பாடும்போது திருத்தாதே. யாரையும் திருத்தவிடாதே. நான் மேலே போகும் மெலடியைப் பாடுகிறேன், அவள் தன்னுடையதைப் பாடட்டும், நீ எதை வேண்டுமானாலும் பாடு. வரப்போகிறவனோ வரப்போகிறவளோ, அது எதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறது என்று பார்க்கலாம்.

பஸ்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். இதை இங்கேயே பெட்டியில் போடுகிறேன். நான் வந்த பிறகுதான் உனக்குக் கிடைக்கும். கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடலாம், தபால்தலை மிச்சம். ஆனால் நேரில் வந்து நின்றால் சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி என்று கேட்பேனே தவிர, இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வராது. உனக்குத்தான் தெரியுமே.

அம்மா